கல்லூரியில் சொல்லலாமா, வேண்டாமா?

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது ஓர் அம்மையார் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். சிறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. கருவி அணிந்திருக்கிறாள், கூந்தல் அதை மறைத்துவிடும்.

“சார், நீங்கள் காலேஜில் பாடம் எடுத்தவர் என்பதால் கேட்கிறேன். அட்மிஷன் சமயத்தில் இதைச் சொல்லாமலே இருந்துவிடலாமா? சொன்னால் மற்றப் பிள்ளைகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாளைக்கு ஒரு வரன் என்று வரும்போது...” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

“சொல்லுங்கள் அம்மா. கட்டாயம் சொல்லுங்கள்” என்றேன்.

“சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வரிசையில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. நம் குடும்பங்களில் இதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் தலைநகரில் ஒரு கல்லூரியில் பொருளாதார விரிவுரையாளராக இருந்தேன். பி.ஏ. முதலாண்டு வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்தார். தென் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நானும் தமிழன் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. ஊர்ப் பேச்சு, சாப்பாடு, விடுதி என்று நிறையப் பேசுவோம். “எந்த உதவி வேண்டுமானாலும் கேள், தம்பி” என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நல்ல ஆசிரியராக நடந்துகொள்வதாகவே நினைத்திருந்தேன்.

வகுப்பில் என்ன செய்தேன்? கரும்பலகையில் தேவைக் கோட்டை வரைவேன். “இது இங்கிருந்து இங்கே நகர்கிறது. அப்போது இந்தப் புள்ளி அங்கே போய்விடுகிறது. பார்த்தீர்களா?” என்பேன். மற்ற அறுபது பேரும் பார்த்தார்கள். அவர் முதல் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஆண்டு முடிவில் பொருளாதாரத்தை விட்டுவிட்டு அரசியல் விஞ்ஞானத்துக்கு மாறிக்கொள்ள விண்ணப்பம் கொடுத்தார். கையெழுத்துக்காக என்னிடம் வந்தபோது, “ஏன் தம்பி, பாடம் பிடிக்கவில்லையா?” என்று கேட்டேன்.

“பிடிக்கும் சார். ஆனால் ஒரு வருஷமாக நான் கேட்டதெல்லாம் ‘இங்கே’, ‘அங்கே’ இரண்டும்தான்” என்றார்.

குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அந்தப் பாடத்தில் நன்றாகத்தான் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் என் பாடத்தின் கதவு அவருக்கு மூடியது என்னால்தான். அதற்குப் பணமோ கருவியோ தேவைப்படவில்லை. “செங்குத்துக் கோடு விலை, படுக்கைக் கோடு அளவு, தேவைக் கோடு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்குகிறது” என்று வாயால் சொல்லியிருந்தால் போதும். ஓர் அட்டையில் கோந்து தடவி நூலை ஒட்டிக் கொடுத்திருந்தால் விரலால் தடவியே புரிந்துகொண்டிருப்பார்.

அன்பு என்னிடம் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டதோ முறை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்நாளில் சட்டம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான மத்திய சட்டம் 1995-இல்தான் வந்தது. உயர்கல்வியில் 3 சதவீத இட ஒதுக்கீட்டை அது தந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007-இல் அதை உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

நம் குடும்பங்கள் இந்தச் சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன, இப்போது 21. பார்வை, செவி, கை கால் குறைபாடுகள், மனநோய் ஆகியவற்றோடு எழுத்து வாசிப்பில் இடர்ப்படும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தலசீமியா, ஹீமோபிலியா முதலியவையும் சேர்ந்துள்ளன.

இரண்டாவது, அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 சதவீத இடங்கள் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு.

மூன்றாவது, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு முக்கியமானது. முறைப்படி வழங்கப்பட்ட குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. மதுரையில் வாங்கிய சான்றிதழை டெல்லியிலோ போபாலிலோ “இது வேற்று மாநிலத்தது” என்று தள்ள முடியாது. யு.டி.ஐ.டி. எனப்படும் தனி அடையாள அட்டையும் அகில இந்திய அளவிலானதே.

நான்காவது, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுதும் உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி என்று மூன்று மொழிகளைச் சுமக்கும் காது கேளாத குழந்தையின் பெற்றோருக்கு இந்த விலக்கின் அருமை தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாகச் சட்டத்தில் ஒரு கருத்து இருக்கிறது. தமிழில் ‘தகுந்த மாற்று ஏற்பாடு’ என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தம் உரிமையை அனுபவிக்க, அவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது. நிறுவனம் தாங்க முடியாத அளவு பாரமாக அது இருக்கக் கூடாது; அவ்வளவே நிபந்தனை. இதைச் செய்ய மறுப்பதும் பாரபட்சமே என்பது சட்டத்தின் நிலை.

ஆனால் சட்டம் கல்லூரி வாசல் வரைதான் கைபிடித்து அழைத்து வரும். சரிவுப்பாதையை நிர்வாகம் கட்டிவிடலாம், இடத்தை அலுவலகம் ஒதுக்கிவிடலாம். வகுப்பறைக்குள் நடக்கும் 50 நிமிடம் ஆசிரியரின் கையில் இருக்கிறது.

சலுகையா, சமநிலையா?

ஆசிரியர் அறையில் நான் அடிக்கடி கேட்ட ஆட்சேபம் இது: “இவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா? தரம் என்னாவது?”

இதற்கு நான் கண்ட பதில் ஓர் எதிர்க்கேள்வி. இந்தத் தேர்வில் நாம் எதை அளக்கிறோம்? பொருளாதார அறிவையா, பேனா ஓடும் வேகத்தையா? அறிவை என்றால், பேனா வேகம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது தரத்தைக் குறைப்பதாகாது, அளவுகோலைச் சரிசெய்வதாகும். கேள்வித்தாளை ஒருவர் படித்துக் காட்ட, இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, மனத்தில் வாக்கியத்தை அமைத்து, வாய்விட்டுச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லித் திருத்துபவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தால் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. “பாவம், ஏதோ எழுதியிருக்கிறான்” என்று மதிப்பெண்ணை அள்ளிப் போடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அது கருணை போலத் தோன்றும்; உண்மையில் அந்த மாணவரின் பட்டத்தைச் செல்லாக் காசாக்கும் காரியம். வழியை மாற்றிக் கொடுக்கலாம். சேருமிடத்தை மாற்றக் கூடாது. தவறான விடை யார் எழுதினாலும் தவறுதான்.

வகுப்பறையில் ஆசிரியர் செய்ய வேண்டியவை

பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு: பலகையில் எழுதுவதை எல்லாம் எழுதும்போதே வாயால் சொல்ல வேண்டும். ‘இது’, ‘அது’ கூடாது. பெயரும் திசையும் வேண்டும். படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலைப் பருவம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, பிழை திருத்தித் தயார் செய்ய வாரக்கணக்கில் ஆகும். தேர்வுக்கு முந்திய வாரம் கொடுத்துப் பயனில்லை.

குறிப்புகளைப் புகைப்படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. கணினியின் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வெறும் படம். நம்பிப் படிக்க முடியாது. தட்டச்சு செய்த கோப்பாகத் தர வேண்டும். அதுவும் யூனிகோடு எழுத்தில் இருக்க வேண்டும். வட மாநிலங்களில் இன்னும் புழங்கும் கிருதி தேவ் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த இந்திக் குறிப்பை அந்த மென்பொருள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே படிக்கும். நம் பழைய தமிழ் எழுத்துருக்களுக்கும் இதே கதிதான். என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; தமிழையும் படிக்கும்.

“புத்தகத்தை ஸ்கேன் செய்தால் பதிப்புரிமைக் குற்றமாகாதா?” என்று தயங்குபவர்கள் உண்டு. ஆகாது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு ஏற்ற வடிவில், லாப நோக்கின்றிப் பிரதி எடுக்க 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. இதற்கென உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. இப்படித் தயாரான நூல்களைத் திரட்டித் தரும் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016-இல் தொடங்கப்பட்டது. ஆசிரியர் புதிதாக ஸ்கேன் செய்யச் சொல்லும் முன் அங்கே தேடிப் பார்ப்பது நல்லது.

செவித்திறன் குறைந்தவருக்கு: பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. எழுதி முடித்துத் திரும்பி, முகம் தெரியப் பேச வேண்டும். அதற்காகக் கத்தவும் வேண்டாம். கத்தினால் வாயசைவு கோணலாகிவிடும். கருவி பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை. மின்விசிறி சத்தத்தையும் மே மாதக் கூலர் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆகவே அவருடைய இடம் கூலருக்கு அருகே இருக்கக் கூடாது.

உதட்டசைவைப் படித்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்பது தவறான எண்ணம். கண்ணாடி முன் நின்று ‘பாடம்’ என்றும் ‘மாடம்’ என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வேறுபாடு தெரியாது. அதனால் புதிய கலைச்சொற்களை வகுப்பின் தொடக்கத்திலேயே பலகையின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். பின் பெஞ்சிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டால் அதை ஆசிரியர் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் தர வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மாணவரைப் பார்த்தே பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் “அவளுக்குப் புரிந்ததா என்று கேளுங்கள்” என்பது மரியாதை ஆகாது.

நடமாட்டத்தில் சிரமம் உள்ளவருக்கு: முதல் மணி தரைத்தளத்திலும் அடுத்த மணி இரண்டாம் மாடியிலும் என்று கால அட்டவணை போட்டால் சரிவுப்பாதை இருந்தும் பயனில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடமானால் வகுப்பையே கீழே கொண்டுவர வேண்டும். அட்டவணை போடும் குழுவில் இருப்பவர்கள் ஆசிரியர்கள்தாம். செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது. சோதனைக்கூடத்தில் சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் ஒரு மேசையாவது வேண்டும். கூட்டாளி மாணவர் செய்ய, இவர் பார்த்துக்கொண்டிருப்பது செய்முறைப் பாடம் ஆகாது.

கற்றல் குறைபாடு உள்ளவருக்கு: இவர்களைத்தான் நாம் அதிகம் காயப்படுத்துகிறோம். கண்ணுக்குத் தெரியும் குறை ஏதுமில்லாததால் ‘சோம்பேறி’ என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. திடீரென்று எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது. மொழிப் பாடம் அல்லாத தேர்வில் எழுத்துப் பிழைக்காக மதிப்பெண்ணை வெட்டுவது பொருளறிவை அளப்பதாகாது. பாடத்தை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதித்தால் பாதிச் சுமை குறையும்.

நீடித்த நோய் உள்ளவருக்கு: தலசீமியா உள்ள மாணவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த நாள்களில் வகுப்புக்கு வர முடியாது. இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துத் தேர்வுக்குத் தடை போடுவதற்கு முன் ஆசிரியர் துறைத் தலைவரிடம் பேசி வைக்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

தேர்வு நாளில்

எழுத உதவியாளர் தேவைப்படும் மாணவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடு நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி. மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம். தகுதியுள்ளவர் உதவியாளரை வைத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த நேரம் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வில் இதைப் பெரும்பாலும் மறக்க மாட்டார்கள். வகுப்பில் வைக்கும் அரைமணி நேரச் சிறு தேர்வில்தான் மறந்துபோகும். உள்மதிப்பெண் அங்கேதான் கைவிட்டுப் போகிறது. அதை நினைவில் வைக்க வேண்டியவர் வகுப்பாசிரியர்.

40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் என்ன செய்வது? 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் இதற்கு விடை சொன்னது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள அவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்டிருந்தது. 40 சதவீத வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது; உண்மையாக எழுத இயலாதவருக்கு உதவியாளர் தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அதன்பின் 2022 ஆகஸ்டில் மத்திய அரசு 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும் தனி வழிகாட்டு நெறி வெளியிட்டது.

2021 நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு வந்தது. எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவி ஒருவருக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் ஒரு மணி நேர ஈடு நேரம் தரப்படவில்லை. விதி ஏட்டில் இருந்தும் தேர்வு மையத்தில் இருந்தவர்கள் அதை அறியவில்லை. அவர்களுக்குப் பயிற்சி தரப்பட வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. கண்காணிப்பாளராக நிற்கும் ஒவ்வோர் ஆசிரியரும் மனத்தில் கொள்ள வேண்டிய வழக்கு இது. அறைக்குள் நிற்பவருக்கு விதி தெரியாவிட்டால், அந்த அறையில் சட்டம் இல்லை என்றுதான் பொருள்.

வரைபடம் போடச் சொல்லும் கேள்விக்குப் பார்வையற்றவருக்கு ஈடான வேறு கேள்வி தர வேண்டும்; அல்லது வரைபடத்தைச் சொற்களால் விவரிக்க விட வேண்டும். இதைக் கேள்வித்தாள் தயாரிக்கும்போதே யோசிக்க வேண்டும். தேர்வு மண்டபத்தில் யோசித்தால் முடியாது.

ரகசியம் காத்தல்

அந்த அம்மையாரின் பயத்துக்கு இது நேரடியான பதில். மாணவி சான்றிதழைத் தருவது அலுவலகத்துக்கு. ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது நோயின் வரலாறு அல்ல. வகுப்பில் என்ன மாற்றம் தேவை என்பது மட்டும்தான். “நம் வகுப்பில் காது கேளாத பெண் ஒருத்தி இருக்கிறாள், எல்லோரும் உதவுங்கள்” என்று முதல் நாளே அறிவிக்கும் ஆசிரியர் நல்லெண்ணத்தில் பெரிய தீங்கைச் செய்கிறார். முதல் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக, “உங்களில் யாருக்காவது ஏதேனும் ஏற்பாடு தேவை என்றால் என் அறையில் வந்து தனியே சொல்லலாம்” என்றால் போதும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கிய பிறகு, எனக்கு முன்பு தெரியாத மாணவர்கள் ஆண்டுதோறும் கதவைத் தட்டினார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள்; நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

சான்றிதழையும் யு.டி.ஐ.டி. அட்டையையும் சேர்க்கைக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற சமவாய்ப்புப் பிரிவு கல்லூரியில் உண்டா என்று விசாரித்து முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள்.

என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ‘உதவி தேவை’ என்று பொதுவாக எழுதினால் ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது. ‘முன்வரிசையில், கூலருக்குத் தள்ளி இடம், குறிப்புகள் முதல் நாளே தட்டச்சில், சிறு தேர்விலும் கூடுதல் நேரம்’ என்று எழுதினால் செய்வார். ஒரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத உதவியாளர் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைத் தேர்வுப் பிரிவில் கேட்டு வாங்குவது நல்லது.

கூடுமானவரை பிள்ளையையே பேசவிடுங்கள். பதினெட்டு வயதுப் பெண்ணின் தேவையை அவளே சொல்லும்போது ஆசிரியர் அவளை நோக்கிப் பதில் சொல்வார். நாம் நடுவில் புகுந்தால் நம்மிடம் பேசுவார். அவள் வேடிக்கை பார்ப்பாள்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால் துறைத் தலைவர், முதல்வர் என்று எழுத்து மூலமாக மேலே போகலாம். அதற்கும் பயனில்லையானால் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆணையரும், மத்தியப் பல்கலைக்கழகமானால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரும் புகாரை விசாரிக்க அதிகாரம் உள்ளவர்கள். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பவர்கள் அல்லர். தெரியாதவர்கள், நான் இருந்ததைப் போல.

நம் சங்கம் செய்யக்கூடியது

வெளியூரில் படிக்க வரும் தமிழ் மாணவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அவர் பேசும் ஆங்கில உச்சரிப்பு இங்குள்ள உதவியாளருக்குப் பிடிபடுவதில்லை. உதவியாளர் கேட்கும் இந்தி இவருக்குப் புரிவதில்லை. தேர்வின் பாதி நேரம் இதிலேயே போய்விடும். பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்ட, பதிவு செய்து தர, ஸ்கேன் செய்த பக்கங்களில் பிழை திருத்த நம்மில் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் எத்தனையோ பேர் இருக்கிறோம். தேர்வில் எழுதுவதற்குத் தகுதி விதிகள் உண்டு. அதற்கு உட்பட்டு நம் இளைஞர்கள் முன்வரலாம். வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்க நூலகத்தில் வைக்கலாம் என்பது என் யோசனை. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மிடையே கல்லூரி ஆசிரியர்களும் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாளை வகுப்பில் பலகையைக் காட்டி ‘இங்கே’ என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள்.

அந்த அம்மையார் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். மகளே ஒரு பக்கத்துக் கடிதம் எழுதியிருக்கிறாளாம், படித்துக் காட்டினார். மூன்றே வரிகளைத் திருத்தினேன். “கடைசியில் ‘தயவுசெய்து உதவுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கட்டுமா, சார்?” என்று கேட்டார்.

“வேண்டாம் அம்மா. ‘நன்றி’ என்று முடித்தால் போதும்” என்றேன்.